எலியேசரைப் படிக்காமலே கொண்டாடுவது

கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர் (1918–2001) பற்றித் தமிழில் நான் படித்த குறிப்புகள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. இலங்கைத் தமிழர், கேம்பிரிட்ஜில் டிராக்கின் மாணவர், கொழும்பு, கோலாலம்பூர், மெல்பர்ன் என்று மூன்று நாடுகளில் கணிதப் பேராசிரியர், ஆஸ்திரேலியத் தமிழ் அமைப்புகளை முன்னின்று நடத்தியவர். இதில் எதுவும் தவறில்லை. ஆனால் அவர் எந்தக் கணக்கைப் போட்டார், என்ன விடை வந்தது, அந்த விடை ஏன் சங்கடமாக இருந்தது என்பதெல்லாம் அந்தக் குறிப்புகளில் இருக்காது. 'டிராக்கின் மாணவர்' என்கிற இரண்டு சொல்லோடு அவருடைய இயற்பியல் முடிந்துவிடும்.

ஆங்கிலத்தில் நிலைமை தலைகீழ். உயர்செறிவு லேசர் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் 'எலியேசர்–ஃபோர்டு–ஓ'கானல் சமன்பாடு' என்று ஒரு பெயர் அரை வரியில் வந்து போகும். அந்த முதல் பெயருக்குச் சொந்தக்காரர் யார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. இங்கே ஆள் இருக்கிறார், வேலையைக் காணோம். அங்கே வேலை இருக்கு, ஆளைக் காணோம்.

இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. 2018-க்குப் பிறகு, பிளாஸ்மாவில் முடுக்கிய எலக்ட்ரான்களைக் கடுமையான லேசர் துடிப்போடு மோதவிட்டு, அவை ஒளி விடும்போது எவ்வளவு ஆற்றல் இழக்கின்றன என்று அளந்து வருகிறார்கள். எலியேசர் மண்டையை உடைத்துக்கொண்ட அதே கேள்விதான். ஆகவே 'எலியேசர் அன்றே சொன்னார், லேசர் இன்று நிரூபித்தது' என்று ஒரு வரி எழுத யாருக்கும் கை பரபரக்கும். அந்த வரி ஏன் தப்பு என்பதைச் சொல்லாமல் அவரைச் சரியாகப் பாராட்ட முடியாது என்பது என் கட்சி.

வெளிச்சம் விடுவதற்கு விலை

எலக்ட்ரானின் வேகத்தையோ திசையையோ மாற்றினால் அது ஒளி விடும். ரேடியோ அலை, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம், எக்ஸ் கதிர், காமா கதிர் எல்லாம் இந்த வழியில் பிறக்கலாம். வெளியே போகிற ஒளி ஆற்றலை எடுத்துக்கொண்டு போகிறது. அது யாருடைய கணக்கிலாவது குறைய வேண்டும். ஆக, ஒளி விடுகிற எலக்ட்ரான் தன் ஒளியாலேயே ஓர் உதை வாங்கணும். இதைக் கதிர்வீச்சு எதிர்விசை என்கிறார்கள்.

இது அன்றாடத்துக்கு அப்பாற்பட்ட விஷயம் இல்லை. எங்க ஊர் திருப்புட்குழியை ஒட்டிப் போகிற சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஓரத்து மொபைல் டவரிலும் இது நடக்கிறது. ஆன்டெனாவில் மின்னோட்டத்தைச் செலுத்தினால், கம்பி சூடாவதால் வரும் தடை ஒரு பக்கம் இருக்க, அலை வெளியேறுவதாலேயே தனியாக ஒரு தடை வரும். அரை அலைநீள ஆன்டெனாவுக்கு அது சுமார் 73 ஓம். இன்ஜினியரிங் பிள்ளைகள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். எண்ணிலடங்கா எலக்ட்ரான்கள் சேர்ந்து அசையும்போது கணக்கு ஒழுங்காக வருகிறது. ஒற்றை எலக்ட்ரானுக்கு எழுதப் போனால்தான் வம்பு.

அந்த வம்பை 1938-இல் டிராக் நேராகச் சந்தித்தார். சார்பியலோடு ஒத்துப்போகிற மாதிரி, புள்ளி எலக்ட்ரான் ஒன்றுக்கான முழுச் சமன்பாட்டை எழுதினார். சாதாரணமாக விசை தெரிந்தால் முடுக்கம் தெரிந்துவிடும். டிராக்கின் சமன்பாட்டிலோ, முடுக்கம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதும் உள்ளே நுழைந்துவிடுகிறது. அதனால் இரண்டு கோளாறு.

முதலாவது, வெளியிலிருந்து ஒரு விசையும் இல்லாதபோதே எலக்ட்ரான் தானாக வேகமெடுத்து எல்லையில்லாமல் ஓடுகிற தீர்வுகள் கிடைக்கின்றன. கயிறு அறுத்த காளை மாதிரி. இரண்டாவது, அந்தத் தீர்வுகளைத் தள்ளுவதற்காக 'கடைசியில் முடுக்கம் பூஜ்ஜியம் ஆகியாக வேண்டும்' என்று நிபந்தனை போட்டால், விசை வந்து சேரும் முன்பே எலக்ட்ரான் நகர ஆரம்பிக்கிறது. எவ்வளவு முன்பு? சுமார் 6×10⁻²⁴ விநாடி. அளக்கவே முடியாத நேரம்தான். ஆனாலும் காரணத்துக்கு முன்னால் காரியம் வருகிறது. டிராக் இந்த விலையைக் கொடுக்கத் தயாராக இருந்தார்.

மாணவர் போட்ட கணக்கு

எலியேசர் 1943-இல் எடுத்துக்கொண்டது ஹைட்ரஜன் அணு. ரூதர்ஃபோர்டு அணு மாதிரியின் குறை என்று பள்ளிப் பாடத்தில் ஒன்று படித்திருப்போம்: சுற்றி வரும் எலக்ட்ரான் ஒளி விட்டு ஆற்றலை இழந்து, சுருள் சுருளாகச் சுழன்று கருவில் விழுந்துவிடும். கணக்குப் போட்டால் 10⁻¹¹ விநாடி அளவில் அணுவே காலி. போரின் மாதிரி வந்ததற்கு இதுதான் காரணம் என்று முடிப்போம்.

இந்த வாதம் ஆற்றல் வரவு செலவை மட்டும் பார்க்கிறது. எலக்ட்ரான் வாங்குகிற உதையைச் சமன்பாட்டுக்குள் போட்டுத் தீர்த்துப் பார்ப்பதில்லை. எலியேசர் அதைச் செய்தார். எலக்ட்ரான் புரோட்டானை நோக்கி நேர்கோட்டில் விழுகிற ஆக எளிய நிலையை எடுத்து, டிராக்கின் சமன்பாட்டை முழுசாகப் போட்டார். விடை: எலக்ட்ரான் புரோட்டானில் விழவே விழாது. கிட்டே போகும், மோதும் முன்பே நிற்கும், திரும்பும், பிறகு வெளிப்பக்கமாக மேலும் மேலும் வேகமெடுத்து ஓடிவிடும்.

இதை ஒருமுறை நிதானமாக யோசியுங்கள். இரண்டும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. எலக்ட்ரான் ஒளி விட்டு ஆற்றலை இழக்க வேண்டியது. ஆனால் சமன்பாடு அதை ஈர்ப்புக்கு எதிராகத் திருப்பி, எல்லையற்ற ஆற்றலைக் கையில் கொடுத்து அனுப்பிவைக்கிறது. வெறும் வெளியில் கிடைத்த கோளாறான தீர்வை 'அதை விட்டுவிடுங்கள், இதை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சமாளிக்க முடிந்தது. இங்கே தேர்ந்தெடுக்க இன்னொரு நல்ல தீர்வே கிடையாது. டிராக் போட்ட நிபந்தனையால் இந்த இடத்தைக் காப்பாற்ற முடியவில்லை. இன்று இதை எலியேசர் தேற்றம் என்கிறார்கள்.

இருபத்தைந்து வயதுக்காரர் செய்த வேலை இது. புதிய சோதனை, புதிய கருவி ஒன்றும் அவரிடம் இல்லை. ஆசிரியரின் சமன்பாட்டை நம்பி, அது எங்கே கூட்டிப்போகிறதோ அங்கே வரைக்கும் போனார். போய்ச் சேர்ந்த இடம் சரியில்லை என்று திரும்பி வந்து சொன்னார். அவருடைய பெருமை எதில் இருக்கிறது என்று கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன்.

கப்யாசம்

நான் இருக்கிற ஊருக்கு இந்த மாதிரிக் கதை புதுசு இல்லை. திருப்புட்குழி என்றால் பெரும்பாலோருக்கு விஜயராகவப் பெருமாள் கோயிலும், ஜடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் என்கிற ஐதிகமும் நினைவுக்கு வரும். யாதவப்பிரகாசர் பாடம் நடத்திய இடம் என்பதும் ஊரார் சொல்லிக்கொள்கிற பெருமை. அவரிடம் படித்த மாணவர் இராமானுசர்.

குருபரம்பரைக் கதைகளின்படி இருவருக்கும் முட்டிக்கொண்ட இடங்களில் ஒன்று, சாந்தோக்ய உபநிடதத்தில் வரும் 'கப்யாசம்' என்கிற ஒற்றைச் சொல். இறைவனின் கண்ணுக்கு உவமையாக வரும் தாமரையை விளக்கும் சொல் அது. ஆசிரியர் பழைய உரையை ஒட்டி, குரங்கின் பின்புறம் போலச் சிவந்த தாமரை என்று பொருள் சொல்கிறார். மாணவருக்கு அது தாங்கவில்லை. அதே சொல்லை வேறு விதமாகப் பிரித்து, சூரியனால் மலர்ந்த தாமரை என்று படிக்கிறார். மூலத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. 'இந்தப் பொருளைக் கடைசிவரை கொண்டுபோனால் எங்கே போய் நிற்கிறோம் பாருங்கள்' என்பதுதான் அவருடைய வாதம்.

இந்த ஒப்புமையை ரொம்ப இழுக்கக்கூடாது. டிராக்குக்கும் எலியேசருக்கும் சண்டை ஏதும் இல்லை. சமன்பாட்டை யாரும் பக்தியோடு படிப்பதும் இல்லை. எனக்கு வேண்டியது ஒரு விஷயம்தான்: யாதவப்பிரகாசரின் மாணவர் என்று மட்டும் சொல்லி இராமானுசரை அறிமுகப்படுத்தினால் எப்படி இருக்கும்? டிராக்கின் மாணவர் என்று மட்டும் சொல்லி எலியேசரை அறிமுகப்படுத்துவதும் அப்படித்தான். எந்த இடத்தில் வேறுபட்டார் என்று சொன்னால்தான் மாணவர் யார் என்று தெரியும்.

1948: மாற்றுச் சமன்பாடு, என் குறை

அந்தப் பத்தாண்டில் இந்தக் கேள்வியில் இறங்கியவர் எலியேசர் மட்டும் அல்ல. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஹோமி பாபாவும் இளைஞரான ஹரீஷ் சந்திராவும் புள்ளித்துகள்களின் இயக்கச் சமன்பாடுகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். 1946-இல் பாபா ஓர் அளவுகோலை முன்வைத்தார்: மின்னூட்டத்தைப் படிப்படியாகக் குறைத்துப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுபோகும்போது ஒழுங்காக நடந்துகொள்கிற தீர்வுகளே இயற்கைக்கு உரியவை. டிராக், பாபா, ஹரீஷ் சந்திரா, எலியேசர் ஆகியோரின் கட்டுரைகளைச் சேர்த்துப் படித்தால், 1940-களில் இந்தத் துறை கேம்பிரிட்ஜுக்கும் தென்னாசியாவுக்கும் நடுவே ஓடிய ஒரு பேச்சு மாதிரியே தெரியும். 1947-இல் எலியேசர் அமெரிக்காவின் முன்னணித் திறனாய்வு இதழில் எழுதிய நீண்ட கட்டுரை அந்தப் பேச்சின் தொகுப்பு எனலாம்.

1948-இல் அவர் ஒரு மாற்று வழிக்கு வந்தார். சாரத்தை எளிமையாகச் சொன்னால்: எலக்ட்ரானிடம் 'உன் முடுக்கம் எவ்வளவு விரைவாக மாறுகிறது?' என்று கேட்பதற்குப் பதிலாக, 'உன்மேல் படுகிற வெளி விசை எவ்வளவு விரைவாக மாறுகிறது?' என்று கேட்பது. மாற்றம் சின்னது. பலன் பெரியது. கயிறு அறுத்த தீர்வுகள் போய்விடுகின்றன. விசைக்கு முன்பே நகர்கிற விநோதமும் போய்விடுகிறது. லாண்டாவ்–லிஃப்ஷிட்ஸ் பாடநூலில் வரும், இன்று கணினி நிரல்களில் அதிகம் புழங்குகிற வடிவம் இதற்கு நெருங்கிய உறவு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வழக்கமான நிலைமைகளில் மிகமிகச் சிறியது.

என் குறை இங்கேதான். 1943 கணக்கில் எலியேசர் நம்மைத் தப்ப விடுவதில்லை. இந்தச் சமன்பாட்டை ஏற்றால் இந்த விடையையும் ஏற்றாக வேண்டும். 1948 மாற்றில் அந்த இறுக்கம் இல்லை. இதை ஏன் இயற்கை தேர்ந்தெடுக்க வேண்டும், இதே மாதிரி எழுதக்கூடிய வேறு வடிவங்களை ஏன் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதற்கு வலுவான காரணம் அதில் கிடைப்பதில்லை. கோளாறு போய்விட்டது என்பது நல்ல சமன்பாட்டுக்கு ஓர் அடையாளம், அவ்வளவுதான். 1991-இல் ஃபோர்டும் ஓ'கானலும் எலக்ட்ரானைப் புள்ளியாக எடுக்காமல் அதற்கு ஓர் உள்ளமைப்பு உண்டு என்று வைத்து, வேறு பாதையில் இதே வடிவத்துக்கு வந்தார்கள். அதன் பிறகே சமன்பாட்டின் அடியில் ஒரு தளம் விழுந்தது. மூன்று பெயரும் ஒரு கோட்டால் இணைந்து நிற்பது இதனால்தான். முதல் பெயரை மட்டும் பிரித்தெடுத்து 'தமிழர் கண்டுபிடித்த சமன்பாடு' என்று எழுதினால், பின்னால் வந்தவர்கள் போட்ட தளத்தையும் சேர்த்து அவர் கணக்கில் எழுதிவிடுவோம்.

பிளாஸ்மாவுக்குள் நடப்பது

இனி லேசருக்கு வருவோம். எலக்ட்ரானின் உதைக்குரிய நேர அளவு 6×10⁻²⁴ விநாடி என்றேன். 800 நானோமீட்டர் லேசர் ஒளியின் ஒரு அலைவுக்கு ஆகும் நேரம் 2.7×10⁻¹⁵ விநாடி. நடுவில் கோடிக்கணக்கான மடங்கு இடைவெளி. அப்படியிருக்க, லேசரால் இந்த உதையை எப்படிப் பார்க்க முடியும்?

எலக்ட்ரானை ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் லேசருக்கு எதிரே ஓடவிட வேண்டும். அப்போது எலக்ட்ரானின் பார்வையில் லேசரின் புலம் பல ஆயிரம் மடங்கு பெரிதாகிவிடும். ஒளியாக இழக்கும் ஆற்றல், எலக்ட்ரானின் ஆற்றலுடைய வர்க்கமாகவும் புலத்தின் வர்க்கமாகவும் ஏறும். இரண்டையும் பத்து மடங்கு ஆக்கினால் இழப்பு பத்தாயிரம் மடங்கு ஆகும்.

வெளியே வரும் ஒளியும் மாறும். 800 நானோமீட்டர் ஒளியின் ஒரு ஃபோட்டானுக்கு ஆற்றல் 1.55 எலக்ட்ரான்வோல்ட். எலக்ட்ரானின் ஆற்றல் அதன் ஓய்வு ஆற்றலைப் போல ஆயிரம் மடங்கு, அதாவது சுமார் 511 மெகா எலக்ட்ரான்வோல்ட் என்று வைப்போம். நேருக்கு நேர் மோதித் திரும்பும் ஒளியின் ஆற்றல் நாற்பது லட்சம் மடங்கு ஏறி, சுமார் 6 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆகிவிடும். அகச்சிவப்பு விளிம்பில் கிளம்பின வெளிச்சம் காமா கதிராகத் திரும்புகிறது. அதுவும் எலக்ட்ரான் ஓடுகிற திசையில் ஊசி மாதிரி ஒடுங்கிய கூம்பில். லேசர் இன்னும் கடுமையானால் எலக்ட்ரான் ஒரே நேரத்தில் பல லேசர் ஃபோட்டான்களை வாங்கிக்கொண்டு, இன்னும் ஆற்றல் மிக்க ஒரே காமா ஃபோட்டானாக விடும்.

அவ்வளவு வேகமான எலக்ட்ரானுக்கு எங்கே போவது? இங்கேதான் பிளாஸ்மா வருகிறது. 1979-இல் தாஜிமாவும் டாசனும் சொன்ன யோசனை: குறுகிய லேசர் துடிப்பு ஒன்று பிளாஸ்மாவைக் கிழித்துக்கொண்டு போகும்போது, வழியிலுள்ள எலக்ட்ரான்களை ஒதுக்கித் தள்ளும், பின்னால் படகின் அலை மாதிரி ஒரு மின்புல அலை கிளம்பும், அதில் மாட்டிய எலக்ட்ரான்கள் சறுக்கிக்கொண்டே வேகமெடுக்கும். 2006-இல் பெர்க்லியில் 3.3 சென்டிமீட்டர் நீளமுள்ள பிளாஸ்மாவில் 1 கிகா எலக்ட்ரான்வோல்ட் வரை கொண்டுவந்து காட்டினார்கள். அந்த அலைக்குள் ஓடும்போதே எலக்ட்ரான்கள் பக்கவாட்டில் ஆடி எக்ஸ் கதிர் விடுவதும் உண்டு. முடுக்கியும் பிளாஸ்மாதான், விளக்கும் பிளாஸ்மாதான். இந்தியாவில் இந்தூரிலுள்ள ராஜா ராமண்ணா மையத்தில் இந்த வகை முடுக்கத்தில் ஆய்வு நடக்கிறது. மும்பை டாடா நிறுவனத்தில் லேசர் பிளாஸ்மாவிலிருந்து வரும் எக்ஸ் கதிர் பற்றி நீண்ட காலமாக வேலை செய்திருக்கிறார்கள்.

2018 சோதனைகள் என்ன சொல்கின்றன

இங்கிலாந்தின் ரதர்ஃபோர்டு ஆப்பிள்டன் ஆய்வகத்து ஜெமினி லேசருக்கு இரண்டு கற்றைகள். ஒன்று பிளாஸ்மாவில் எலக்ட்ரான்களை முடுக்கும். மற்றது சில மைக்ரோமீட்டர் அகலத்துக்குக் குவிந்து எதிரே வந்து மோதும். 2018-இல் இரண்டு கட்டுரைகள் வந்தன. கோல் முதலானோர் எழுதியதில், 500 மெகா எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேற்பட்ட எலக்ட்ரான்கள் மோதலில் ஆற்றலை இழப்பதும், அந்த இழப்பு காமா கதிரின் அளவோடு சேர்ந்து ஏறுவதும் பதிவாகின. போடர் முதலானோர் எழுதியதில், 2 கிகா எலக்ட்ரான்வோல்ட்டைத் தாண்டிய எலக்ட்ரான்கள், சதுர சென்டிமீட்டருக்கு 4×10²⁰ வாட் செறிவுள்ள லேசரில் தங்கள் ஆற்றலில் 30 சதவீதம் வரை இழந்தன.

இதில் உறுதியான பகுதி எது, உறுதி குறைந்த பகுதி எது என்று பிரித்துப் படிக்கணும். எலக்ட்ரான் ஒளி விட்டதால் இளைத்தது என்பது உறுதியான பகுதி. ஒரு பக்கம் குறைந்தது, இன்னொரு பக்கம் காமாவாக வந்தது, இரண்டும் ஒத்துப்போகின்றன. ஆனால் எந்தச் சமன்பாட்டின்படி இளைத்தது என்பதில் பிடி தளர்கிறது. மோதும் முன்பு அதே எலக்ட்ரான் கற்றைக்கு என்ன ஆற்றல் இருந்தது என்று நேராக அளக்க வழியில்லை. மோதாத மற்ற ஷாட்களைப் பார்த்து ஊகிக்க வேண்டும். ஷாட்டுக்கு ஷாட் கற்றை மாறும். இரண்டு துடிப்பும் சரியாகச் சந்தித்தனவா என்பதையும் விளைவை வைத்தே சொல்ல வேண்டியிருக்கிறது. நல்ல மோதல்களின் எண்ணிக்கையும் குறைவு. போடர் கட்டுரையில் இன்னொரு சுவாரசியம்: ஃபோட்டான்கள் ஒன்றொன்றாகத் தற்செயலாக வெளியேறுவதை முழுதும் கணக்கில் எடுத்த மாதிரியைவிட, பழைய எதிர்விசைச் சமன்பாட்டில் குவாண்டம் திருத்தத்தை மட்டும் சேர்த்த அரைகுறை மாதிரி தரவோடு இன்னும் நன்றாக ஒத்துப்போனது. ஆசிரியர்களே அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். 'குவாண்டம் எதிர்விசை நிரூபணம்' என்று தலைப்பு மட்டும் படித்தவருக்கு இது தெரியாது.

2024-இல் வெளியான லாஸ் முதலானோரின் முன்பதிப்பு இந்தத் தளர்ச்சியைச் சரிசெய்யப் பார்க்கிறது. நேராக அளக்க முடியாத மோதல் விவரங்களைத் தரவிலிருந்தே மதிப்பிட ஒரு புள்ளியியல் முறையைக் கட்டியிருக்கிறார்கள். அதன்படி எதிர்விசை இருப்பது ஐந்து சிக்மாவுக்கு மேல் உறுதி. செவ்வியல் மாதிரியைவிடக் குவாண்டம் மாதிரிகள் தெளிவாக மேல். ஆனால் தொடர்ச்சியான இழப்பு என்கிற குவாண்டம் மாதிரியும் ஒன்றொன்றாக இழப்பு என்கிற குவாண்டம் மாதிரியும் சமமாகவே பொருந்துகின்றன. காஞ்சிபுரம் பட்டைத் தூர இருந்து பார்க்கிற மாதிரி இது. ஊடை இழை ஒவ்வொன்றாகத்தான் விழுந்தது என்று நமக்குத் தெரியும். ஆனால் நிற்கிற இடத்திலிருந்து ஒரே பரப்பாகத்தான் தெரிகிறது.

அப்போ எலியேசர்?

எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கிற பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி தன் கருத்தரங்கக் கட்டுரைக்காக என்னிடம் கேட்டது இதுதான்: "எலியேசர் ஈக்வேஷன் கரெக்ட்னு இதுல ப்ரூவ் ஆயிடுச்சா, அண்ணா?"

"இல்லம்மா. அதைச் சோதிக்கவே இல்லை."

"அப்புறம் எதுக்கு எல்லாரும் அவர் பேரைப் போடறாங்க?"

நல்ல கேள்வி. இதற்கு விடை 2013-இல் கிராவெட்ஸ், நோபிள், யாரோஷின்ஸ்கி மூவரும் செய்த கணக்கில் இருக்கிறது. ஆற்றல் மிக்க எலக்ட்ரானைக் கடுமையான லேசர் துடிப்பில் விட்டால், எலியேசர்–ஃபோர்டு–ஓ'கானல் வடிவமும் லாண்டாவ்–லிஃப்ஷிட்ஸ் வடிவமும் எந்த இடத்தில் பிரியும் என்று தேடினார்கள். பிரிகிற இடத்துக்கு எலக்ட்ரானால் போய்ச் சேரவே முடியவில்லை. ஒளி விட்டு விட்டு ஆற்றலை இழப்பதே அதை அங்கே போகவிடாமல் தடுத்துவிடுகிறது. ஆகவே லேசர் மோதல்களில் இரண்டும் ஒரே விடையைத் தரும். அந்த விடைதான் 2024 ஒப்பீட்டில் குவாண்டம் மாதிரிகளிடம் பின்தங்கிய செவ்வியல் விடை. காரணமும் எளிது: செவ்வியல் கணக்கு, எலக்ட்ரானிடம் இருப்பதைவிட அதிக ஆற்றலுள்ள ஒளியைக்கூட அது விடலாம் என்று அனுமதிக்கிறது. குவாண்டம் அதை அனுமதிக்காது. அதனால் செவ்வியல் சமன்பாடுகள் எல்லாமே இழப்பைக் கூட்டிச் சொல்கின்றன, எலியேசருடையது உட்பட.

வெற்றிக் கதை வேண்டும் என்பவருக்கு இது ஏமாற்றம். எனக்கு ஏமாற்றம் இல்லை. 1948 சமன்பாடு வென்றதா தோற்றதா என்பது எலியேசரின் மதிப்பைத் தீர்மானிக்கிற கேள்வியே அல்ல. ஃபோட்டான்கள் ஒன்றொன்றாக உதைத்துக்கொண்டு போகிற இடத்தில் 'எதிர்விசைக்கு எது சரியான சமன்பாடு?' என்கிற கேள்வியே பாதி கரைந்துவிடுகிறது. கரையாமல் நிற்பது 1943 கணக்குதான். ஒரு மேதை எழுதிய, பார்க்க அழகான, சார்பியலுக்குப் பொருந்துகிற சமன்பாடு ஒன்று, ஆக எளிய அணுவிலேயே தடுமாறுகிறது என்று அது காட்டியது. அதைப் பொய்யாக்க எந்த லேசராலும் முடியாது. அது சோதனை முடிவு அல்ல, கணிதத்தில் பெற்ற முடிவு.

அந்தப் பெண் பிறகு 1943 கட்டுரையையே தேடி எடுத்துக்கொண்டாள். கட்டுரைத் தலைப்பில் 'தமிழர்' என்ற சொல் வேண்டுமா வேண்டாமா என்பது அவள் இஷ்டம். என் வேண்டுகோள் அடுத்து எலியேசர் பற்றிக் குறிப்பு எழுதப்போகிறவர்களிடம்: 'டிராக்கின் மாணவர்' என்கிற வரிக்குப் பிறகு இன்னும் ஒரு வரி சேருங்கள். 'டிராக்கின் சமன்பாட்டின்படி எலக்ட்ரான் புரோட்டானில் விழாமல் திரும்பி ஓடிவிடும் என்று காட்டியவர். அதனால் அந்தச் சமன்பாட்டை மாற்ற வேண்டும் என்றவர்.' படிக்கிறவர்களில் யாராவது ஒருத்தர் 'அதெப்படித் திரும்பி ஓடும்?' என்று கேட்டால் போதும். அந்தக் கேள்வியிலிருந்து அவர் தானாகவே எலியேசரிடம் போய்விடுவார்.